இரண்டாவது கதவு

1

சிக்காகோ நகரில் 1995ஆம் ஆண்டு முஃபாஸா அலி என்பவரும் அவர் நண்பர்களும் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் ஓனிக்ஸ். ஆணை விரும்பும் ஆண்களுக்கான சங்கம்; அவர்களிலும் தோலாடையைத் தங்கள் வாழ்முறையின் அடையாளமாகக் கொண்டவர்களுக்கானது; அவர்களிலும் வெள்ளையரல்லாதவர்களுக்கானது. மூன்று சல்லடைகள். இத்தனை சலித்த பிறகு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சிரிக்கத் தோன்றும். நானும் முதலில் சிரித்தேன். சிறுபத்திரிகைக்காரன் இப்படிச் சிரிப்பது பொருந்தாது என்பது அப்புறம்தான் உறைத்தது. முந்நூறு பிரதி அச்சிட்டு, நூறை இனாமாக அனுப்பி, நாற்பது பேர் படிக்கிற ஒரு பத்திரிகையில் எழுதுகிறவன், கூட்டத்தின் அளவைக் கொண்டு ஒரு காரியத்தை எடைபோட முடியாது.

தோலாடைக்காரர்கள் என்ற சொல் என்னுடையது. லெதர்மென் என்பதற்குத் தமிழில் சொல் கிடையாது; பொருளும் நம்மிடையே புழக்கத்தில் இல்லை. கறுப்புத் தோல் மேலங்கி, தோல் கால்சட்டை, கனத்த பூட்ஸ், மோட்டார் சைக்கிள், ஆண்மையின் முரட்டுத் தோற்றம். உறவில் ஆளுகையையும் அடங்குதலையும் சில சமயம் வலியையும் முன்கூட்டிப் பேசி ஒப்புக்கொண்ட விதிகளோடு ஒரு சடங்கைப்போல் நடத்துவது. இவை சேர்ந்ததுதான் அந்த உலகம். இதற்கு மேல் விவரிக்க இக்கட்டுரைக்கு அவசியம் இல்லை. என் அக்கறை அவர்கள் படுக்கையறையில் இல்லை. அவர்கள் சங்கத்தின் வாசலில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு சிக்காகோவைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நானும் ஆணை விரும்பும் ஆண்தான். இதை இப்பக்கங்களில் இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; பயம் என்பதே சரி. மற்றது, ஒரு நண்பர். ஒரகடத்தில் மோட்டார் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். இந்தச் சங்கத்தைப் பற்றி நான் முதலில் சொன்னது அவரிடம்தான். பெயரைக் கேட்டதும், "இன்னாண்ணா, குப்ப வண்டி பேரா வெச்சிகினாங்கோ?" என்றார். 2000 முதல் 2007வரை சென்னையில் சில மண்டலங்களில் குப்பை அள்ளிய வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரிலும் ஓனிக்ஸ் என்ற சொல் இருந்தது. கம்பெனி போன பிறகும் வண்டிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் அது வரியோடிய ஒரு கல்லின் பெயர். கறுப்பு ரகத்துக்கு மவுசு. சொல் ஒன்றே, ஓர் ஊரில் ஆபரணம், ஓர் ஊரில் குப்பை. நண்பர் விளையாட்டாகச் சொன்னது, நான் எழுத நினைத்த விஷயத்துக்கு என்னைவிட அருகில் இருந்தது.

2

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் வேண்டாதவர்களை வெளியேற்ற ஒரு வகைக் காகிதம் வைத்திருந்தது. கௌரவமான விடுவிப்பிலும் சேராது, அவமானகரமான விடுவிப்பிலும் சேராது. நீலத்தாளில் அச்சிட்டதால் அதற்கு நீல விடுவிப்பு என்றே பெயர். ஆணை விரும்புகிறவன் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் கறுப்பர்களுக்கும் அது தாராளமாக வழங்கப்பட்டது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன்வரை தரைப்படை கொடுத்த நீலத்தாள்கள் 48,603. அவற்றில் 10,806 கறுப்பர்களுக்கு, நூற்றுக்கு இருபத்திரண்டு. படையில் அவர்கள் இருந்ததோ நூற்றுக்கு ஆறரை. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்த இரண்டு விகிதங்களே ஒரு நாவல்.

நீலத்தாள் பெற்றவனுக்குப் போர்வீரர்களுக்கான படிப்பு உதவியும் வீட்டுக்கடனும் மறுக்கப்பட்டன. வேலை கேட்டுப் போன இடத்தில் தாளைக் காட்டினால் கதவு மூடிற்று. இதை எதிர்த்து 1945ல் உரக்கக் குரல் எழுப்பியது பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகை. தன் இனத்தாருக்காக எழுதியபோதே, அதே தாளைச் சுமந்த மற்றவர்களையும் அது மறைக்காமல் குறிப்பிட்டது. 1947ல் அந்தத் தாள் ஒழிந்தது. ஆக யுத்தம் முடிந்த தறுவாயில் இரு சாராரும் ஒரே வரிசையில், கையில் ஒரே நிறக் காகிதத்தோடு நின்றார்கள். சரித்திரத்தில் இப்படி ஒரு கணம் வாய்ப்பது அபூர்வம். அதிலிருந்து ஒரு பொதுவான 'நாம்' பிறந்திருக்கலாம்.

பிறக்கவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய ஆண்கள் பலர் ஊருக்குப் போகாமல் துறைமுக நகரங்களிலேயே தங்கினார்கள். ராணுவம் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள்கள் மலிவாகக் கிடைத்தன. படையில் பழகிய தோழமையை விட மனமில்லை. 1953ல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் தோல் மேலங்கி அணிந்து மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவனாக வந்தார். அந்தத் தோற்றம் ஒரு சீருடையாயிற்று. 1954ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸேட்டர்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் சங்கம் தொடங்கியது. ஆணை விரும்பும் ஆண்களின் சங்கங்களில் நீண்டகாலம் தொடர்ந்து இயங்கிவருவது அது. சிக்காகோவில் சக் ரென்ஸ்லோ நடத்திய கோல்டு கோஸ்ட் என்ற மதுக்கடை தோலாடைக்காரர்களின் முதல் கூடங்களில் ஒன்று. அதே நகரில் 1979 முதல் ஆண்டுதோறும் அனைத்துலகத் தோலாடைக்காரர் என்ற பட்டத்துக்குப் போட்டி நடக்கிறது. ஒரு கறுப்பருக்கு முதன்முதலாக அந்தப் பட்டம் கிடைத்தது 1984ல். ரான் மூர் என்பவர்.

இந்தச் சங்கங்கள் எதை முன்மாதிரியாகக் கொண்டன என்பது முக்கியம். சீருடை, படிநிலை, புதியவனுக்குச் சோதனைக்காலம், முதுகில் தைத்த சின்னம். எல்லாம் படைமுகாமின் நகல். எந்தப் படை? 1948 ஜூலையில் ட்ரூமன் ஆணை பிறப்பிக்கும்வரை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி அணி வைத்திருந்த படை. ஒரு வடிவத்தை நகலெடுப்பவன் அதன் எழுதாத விதியையும் சேர்த்தே நகலெடுக்கிறான். இலக்கியத்தில் நாம் நன்றாக அறிந்த விஷயம் இது. ஐரோப்பாவிலிருந்து நாவலை எடுத்துக்கொண்டோம். அதன் கூடத்தில் யார் உட்காரலாம், யார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம் என்ற ஏற்பாட்டையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

மோட்டார் சைக்கிள் சங்கங்களின் பாஷையில் முதுகுச் சின்னத்துக்கு 'நிறங்கள்' என்று பெயர். ஒருவன் தன் நிறங்களைச் சம்பாதிக்கவேண்டும், இழிவுபட விடக்கூடாது. சம்பாதிக்காமலே ஒரு நிறத்தோடு பிறந்தவன் அந்த வாசலில் வந்து நின்றபோது என்ன நடந்தது என்பதுதான் ஓனிக்ஸின் முன்கதை.

3

எழுதிவைத்த தடை எங்கும் கிடையாது. கறுப்பர் வரக்கூடாது என்று எந்த மதுக்கடையும் பலகை மாட்டவில்லை. வாசலில் ஓர் ஆள் நிற்பான். வெள்ளையன் வந்தால் தலையசைப்பான். கறுப்பன் வந்தால் அடையாள அட்டை கேட்பான். ஒன்றைக் காட்டினால் இன்னொன்று. இரண்டையும் காட்டினால் மூன்றாவது, அதுவும் புகைப்படம் ஒட்டியது. வாஷிங்டனில் 1971ல் திறந்த ஒரு பெரிய கூடத்தின் வாசலில் இதை எதிர்த்து மறியல் நடந்தது. 1980ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம் பல ஊர்களுக்குப் பரவி, இந்த வாசல் பரிசோதனையை அம்பலப்படுத்துவதைத் தன் வேலைகளில் ஒன்றாகக் கொண்டது.

தோலாடைக்காரர்களின் கூடங்களில் இதோடு உடைவிதியும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் 1976 முதல் 1985வரை நடந்த மைன்ஷாஃப்ட் என்ற இடம் தன் உடைவிதியை வெளிப்படையாகவே அறிவித்தது: ஸூட் கூடாது, டை கூடாது, வாசனைத் தைலம் பூசி வரக்கூடாது. கனவான்களின் கிளப்பைத் தலைகீழாக்கிய விதி. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உடைவிதி எந்த ஊரிலும் உடையைப் பற்றியது மட்டுமாக இருந்ததில்லை. சென்னையில் 2014ல் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேஷ்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். சட்டசபை அதே ஆண்டு ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. நீதிபதிக்காகச் சட்டம் வந்தது நல்லதுதான். வேஷ்டியை மடித்துக் கட்டியவர்கள் எத்தனை தலைமுறையாக எத்தனை வாசல்களில் நின்றார்கள் என்பது அந்த விவாதத்தில் அதிகம் எழவில்லை.

இரண்டாவது அட்டை கேட்பவனை எனக்குத் தெரியும். வாரத்தில் ஐந்தாறு நாள் நான்தான் அவன். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை ஒரகடம் போகிற சாலையில் இருக்கிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் வயலை விட்டு ஷிஃப்டுக்கு மாறியது. 1955ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு 2013ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை திறந்தது. பிராண்டோவின் சீருடைக்கேற்ற வாகனம் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இப்போது உருவாகிறது. கணக்குத் தொடங்க வருகிறவர்கள் ஒடிஸாவிலிருந்து, பிஹாரிலிருந்து, திருவண்ணாமலையிலிருந்து, ராணிப்பேட்டையிலிருந்து. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு ஒருவர் ஆதாரும் பான் அட்டையும் நீட்டினார். விதிப்படி அவை போதும். நான் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னேன். அவருக்கு முன்னால் வந்தவர் பாலிஷ் போட்ட ஷூ அணிந்திருந்தார், அவரிடம் கேட்கவில்லை. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்தேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் மறுநாளும் வந்தார். கடிதத்தை வைத்துவிட்டு, "லீவு போட்டு வந்தேன் சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு என்றால் ஒருநாள் கூலி போயிற்று என்று அர்த்தம். என் மேஜைமேல் இந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டி, "இது கட்ட புக்கா சார்?" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம். ஆறு மாதத்தில் சார் போய் அண்ணா ஆயிற்று. ஒரு வருஷம் கழித்து, தான் எப்படிப்பட்டவர் என்று அவர் சொன்னார். நான் சொல்ல இன்னும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பட்டப்படிப்பு படித்தவன், ஆங்கில இலக்கியம் வேறு.

4

தமிழில் மனிதன் மேல் போர்த்தியிருப்பதற்கும் மாட்டிலிருந்து உரித்து எடுப்பதற்கும் ஒரே சொல்தான்: தோல். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். இரண்டையும் பிரித்துவைத்த பாஷையில்தான் ஒன்றின் மீதான மோகத்தையும் மற்றதன் மீதான வெறுப்பையும் ஒரே ஆள் ஒரே கூடத்தில் வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. இது சாமர்த்தியமான வாக்கியம். நண்பரிடம் சொன்னபோது உடைந்துவிட்டது.

அவர் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஊறப்போட்ட பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் நெகிழ்ந்ததும் எடுத்து, மயிரும் சதையும் சுரண்டுகிற வேலை. சென்னை ராஜதானியிலிருந்து நூறாண்டுக்கு மேல் லண்டனுக்குக் கப்பலேறிய தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. கிழக்கிந்தியத் தோல் என்று அதற்குப் பெயர். 2008ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பிற்பாடு குரோமியம் வந்தது. பல்லாவரத்தில் சேம்பர்ஸ் வைத்த குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். குரோமியம் வேலையைத் துரிதப்படுத்தியது, பாலாற்றையும் கெடுத்தது. 1996ல் உச்சநீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிக் கடுமையான தீர்ப்பு சொல்லவேண்டி வந்தது. தொழில் நுட்பம் எது மாறியபோதும் குழியில் இறங்குகிறவனின் சாதி பெரிதாக மாறவில்லை. டி. செல்வராஜ் 'தோல்' என்று ஒரு நாவலே எழுதினார், திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளிகள் சங்கம் கட்டிய கதை. 2012ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அந்தப் பரிசுக்கு முன்னும் பின்னும் நம் வட்டத்தில் அதைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தோலின் வாடைக்காகவே ஒன்றுகூடுகிற ஆண்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது நண்பர் வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"எங்கப்பா வூட்டுக்கு வந்தா மொதல்ல கொல்லிக்கிப் போவாரு. எங்கம்மா ரெண்டு கொடம் தண்ணி ஊத்தும். அப்பியும் வாட போவாது. ஸ்கூல்ல எம் பக்கத்துல எவனும் குந்த மாட்டான். அத்த காசு குடுத்து வாங்கி மாட்டிகினு திரியிறாங்களாண்ணா?"

கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தக் கறுப்பு ஆளுங்கோ ஏன் போனாங்கோன்னு தெரிது" என்றார்.

நான் விளக்கம் கேட்கவில்லை. இன்றுவரை அதை நானாகத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உழைப்பின் கறையாக உடம்பில் ஒட்டியதை, தான் தேர்ந்தெடுத்த உடுப்பாக மாட்டிக்கொள்ளும்போது ஒருவன் நிமிர்கிறான். கறுப்பு அமெரிக்கனுக்குச் சங்கிலியும் சாட்டையும் வெறும் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. அவன் பாட்டனின் முதுகு அறிந்தவை. அவற்றை வெள்ளையர் நிறைந்த கூடத்தில் அவன் கையிலெடுத்தால் ஒரு பொருள், தன்னைப்போன்றோர் நடுவில் எடுத்தால் வேறு பொருள். முதலாவதில் அவன் பிறர் கற்பனையின் பாத்திரம். இரண்டாவதில்தான் விளையாட்டு விளையாட்டாக இருக்க முடியும். ஏனென்றால் வேண்டாம் என்று சொன்னால் நிற்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் அவனுக்கு முழுசாக இருக்கும்.

பிறர் கற்பனையின் பாத்திரம் என்றதற்கு உதாரணம் உண்டு. எழுபதுகளில் நியூயார்க் தோலாடை உலகைப் படமெடுத்த ராபர்ட் மேப்பிள்தார்ப், 1980ல் பாலியெஸ்டர் ஸூட் அணிந்த கறுப்பர் ஒருவரை எடுத்தார். புகழ்பெற்ற படம். ஸூட் இருக்கிறது, திறந்த கால்சட்டையிலிருந்து வெளித்தெரியும் குறி இருக்கிறது, தலை இல்லை. ஒளியமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எஸ்ஸெக்ஸ் ஹெம்ஃபில் என்ற கறுப்புக் கவிஞர் கேட்டது எளிய கேள்வி: தலை எங்கே? விமர்சனம் என்பது பெரும்பாலும் இவ்வளவு எளிய கேள்வியை யார் முதலில் கேட்கிறார் என்பதுதான். உருவம், உத்தி, ஒளி என்று பேசிப் பழகிய நமக்கும் இந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

ஹெம்ஃபிலின் தலைமுறை எய்ட்ஸில் போயிற்று. கறுப்பு ஆண்களின் எழுத்துகளை 1986ல் முதன்முதலாகத் தொகுத்த ஜோஸஃப் பீம் 1988ல் இறந்தார். அவர் தொடங்கிவைத்த இரண்டாம் தொகுதியை ஹெம்ஃபில் 1991ல் முடித்து வெளியிட்டார். 1989ல் தம் மௌனத்தையே படமாக எடுத்த மார்லன் ரிக்ஸ் 1994ல் போனார். ஹெம்ஃபில் 1995 நவம்பரில். ஓனிக்ஸ் பிறந்ததும் அதே 1995. ஒன்றுக்கொன்று காரணகாரியம் என்று சொல்ல வரவில்லை. பேசியவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல்போன ஒரு காலத்தில், பேச்சைத் தொடர ஓர் அறை தேவைப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

5

இத்தகைய சங்கத்தின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஒதுக்கப்பட்டவர்களே தங்களுக்குள் பிரிந்துபோகலாமா? கேட்பவர் அநேகமாக முதல் கதவைச் சுலபமாகத் தாண்டியவராக இருப்பார்.

நம் சரித்திரத்தில் இந்தக் கேள்வி பழையது. 1832ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை. 1873ல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது, இந்தியர்களும் சேரலாம். எந்த இந்தியர்கள் என்று கேட்டால், வக்கீல்களும் ஜமீன்தார்களும். 1916ல் பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது. எதுவாக இல்லையோ அதைக் கொண்டு பெயர் வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. 'அல்லாதார்' என்ற கூரையின் கீழ் எவ்வளவு பேரையும் நிற்கவைக்கலாம், யாருக்கு நடுவில் இடம், யாருக்குத் தாழ்வாரம் என்று சொல்லாமலே. 1923ல் எம்.சி. ராஜா அந்தக் கூரையை விட்டு வெளியே வந்தார். அவரைப் பார்த்தும் ஒற்றுமையைக் குலைக்கலாமா என்றுதான் கேட்டிருப்பார்கள். குலைந்திருந்ததைத்தான் அவர் தெரியப்படுத்தினார் என்பது என் எண்ணம்.

ஆணை விரும்பும் ஆண்களின் சங்கங்களும் இதே படிகளில் ஏறி வந்தவைதான். வெள்ளையர் கூடங்களில் தங்களைக் காணாத தெற்காசியர்கள் 1986ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ பக்கம் த்ரிகோண், 1988ல் லண்டனில் சக்தி என்று தொடங்கினார்கள். 1990ல் பம்பாயில் பாம்பே தோஸ்த் பத்திரிகை. 1998ல் சென்னையில் சகோதரன். டில்லி உயர்நீதிமன்றம் 2009ல் கதவைத் திறந்தது, உச்சநீதிமன்றம் 2013ல் மூடியது, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அதே நீதிமன்றம் திறந்தது. இடையில் 2015ல் டில்லி ஊர்வலத்தில் சிலர், தாங்கள் தலித் என்பதையும் சேர்த்தே வெளியில் சொன்னார்கள். ஒரு ரகசியத்தை வெளியிட வந்த இடத்தில் இன்னொரு ரகசியம் பாக்கி இருப்பதைக் காட்டினார்கள்.

அந்த 2018 தீர்ப்புக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரைச் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு காபிக்கடை மாடி. நல்லவர்கள்; எனக்குப் பழக்கமானவர்கள். சந்தோஷத்தில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் அறிமுகம் நடந்தது. ஒரகடம் என்றதும் ஒருவர், எந்தக் கம்பெனி, டிஸைனா, எச்.ஆரா என்று கேட்டார். லைனில் ஃபிட்டர் என்றார் நண்பர். சொந்த ஊர்? ராணிப்பேட்டை. அப்பா? தோல் ஷாப். ஒரு விநாடி, அதற்கு மேல் இல்லை. பிறகு பேச்சு ஒரு சினிமாவுக்குப் போயிற்று. யாரும் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. காபி விலையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது அவர் பங்கை நான் கொடுக்கப்போனேன். அவர் தடுத்து, ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துவைத்தார்.

பூந்தமல்லி பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "அங்க உனுக்கு ஒரு சேர் கீது. எனக்கு உம் பக்கத்துல ஒரு சேர் கீது. ரெண்டும் ஒண்ணு இல்லண்ணா."

சிக்காகோவில் 1995ல் நடந்ததை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படிக்கவில்லை. பக்கத்தில் போடப்பட்ட நாற்காலியை விட்டு எழுந்து தன் நாற்காலியைத் தானே செய்துகொள்வதுதான் இரண்டாவது சங்கம். முதல் சங்கத்தை அது மறுக்கவில்லை. ஓனிக்ஸ்காரர்களும் அதே தோலைத்தான் உடுத்தினார்கள், அதே சோதனைக்காலம், அதே முதுகுச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். பழைய வடிவத்தை எடுத்து, அதில் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதை மாற்றினார்கள். பின்னர் வேறு நகரங்களுக்கும் கிளைகள் பரவின. பெண்களுக்கென ஓனிக்ஸ் பேர்ல்ஸ் என்ற சகோதரச் சங்கமும் வந்தது. அதுவும் ஒரு கதவு. ஒவ்வொரு 'நாம்' உள்ளேயும் ஒருவர் எழுந்து தன் அறையைத் தேடும்போது அந்த 'நாம்' எவ்வளவு பேரை உத்தேசித்தது என்பது தெரிந்துவிடுகிறது. சங்கம் வைப்பது விமர்சனத்தின் ஒரு வடிவம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் வட்டாரத்தில் சங்கம் என்ற சொல்லுக்கு எடை அதிகம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் பக்கம் ஸாம்ஸங் தொழிலாளிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதானக் கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. கம்பெனியின் பெயரைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாமா என்பது பெரிய வழக்காயிற்று. 2025 ஜனவரியில் பதிவாயிற்று. அந்த நாட்களில் என் கவுண்டருக்கு வந்தவர்கள் பணம் எடுக்கத்தான் வந்தார்கள், போட வரவில்லை. தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ள ஒரு மாதச் சம்பளம் செலவாகும் என்று அப்போது கண்டேன்.

நண்பர் இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறார். பழைய புல்லட் ஒன்று வாங்கியிருக்கிறார். ஞாயிறு காலைகளில் ஐந்தாறு பேர் வண்டியில் கிளம்பி வல்லக்கோட்டை தாண்டி எங்கோ ஒரு டீக்கடையில் கூடுகிறார்களாம். ஒருவர் ஒடிஸாக்காரர், ஒருவர் திருவண்ணாமலை, இன்னொருவர் கேன்டீனில் வேலை. எல்லோரும் அப்படிப்பட்டவர்கள். என்ன பேசுவீர்கள் என்றேன். "வண்டியப் பத்திதான்" என்றார். சங்கத்துக்குப் பெயர் உண்டா என்றேன். இல்லை என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சநேரம் யோசித்து, "இப்போதிக்கி வாணாண்ணா" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. நியாயமாகவும் இருந்தது.

சங்கங்கள் கணக்குத் தொடங்க எங்கள் வங்கியில் தனிப் படிவம் உண்டு. விதிமுறை நகல், தீர்மான நகல், கையெழுத்துப் போடும் பொறுப்பாளிகளின் அடையாளச் சான்று. அவர்கள் ஒருநாள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அந்தக் காகிதங்களைத்தான் கேட்பேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.